டிராவல் டிரெய்லரின் இரட்டை புரொப்பேன் சிலிண்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிராவல் டிரெய்லர், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, வாங்கிய நண்பர்கள், முதல் பயணத்திற்கு முன்பும் அதைவிட அதிகமாக முதல் பயணம் முடிந்த பின்பும், உள்ளே அடுப்பையும் ஹீட்டரையும் ஃப்ரிட்ஜையும் இயக்கும் எரிவாயுவைத் தாங்கி, டிரெய்லரின் முன்முனையில் நிற்கும் இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிவந்ததை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

எதற்காக இரண்டு சிலிண்டர்? பெரியதாக ஒன்று வைத்துவிட்டால் போதாதா?

எரிவாயுவின் அளவைக் கூட்டுவது மட்டும் நோக்கம் என்றால் பெரியதாக ஒன்றே போதும். ஆனால் ஒற்றைச் சிலிண்டர் எப்போது தீரும் என்பது அது தீரும்வரை தெரியாது. தீருகிற நேரம் பெரும்பாலும் குளிர் மிகுந்த பின்னிரவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஹீட்டர் அப்போதுதான் இடைவிடாமல் ஓடும். இரண்டு இருந்தால், ஒன்றை முழுவதுமாகத் தீர்த்துவிட்டு மற்றொன்றுக்கு மாறிக்கொண்டு, காலியானதைப் பகலில் நிதானமாகக் கொண்டுபோய் நிரப்பி வரலாம்.

எனவே, இரண்டாவது சிலிண்டரைக் கூடுதல் இருப்பாகக் கருதாமல் காவலாகக் கருத வேண்டும். எந்த நேரத்திலும் ஒன்று நிறைந்திருக்க வேண்டும். அது எது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த இரண்டையும் எப்படி உறுதிசெய்வது என்பதைப் பற்றியவையே.

20 பவுண்டு, 30 பவுண்டு என்கிறார்களே, அது சிலிண்டரின் எடையா, கேஸின் எடையா?

உள்ளே நிரப்பக்கூடிய புரொப்பேனின் எடை. 20 பவுண்டுச் சிலிண்டரில் ஏறத்தாழ 4.7 கேலன் திரவமும், 30 பவுண்டுச் சிலிண்டரில் ஏறத்தாழ 7.1 கேலன் திரவமும் கொள்ளும். இரும்பின் எடை தனி. 30 பவுண்டு இரும்புச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சுமார் 55 பவுண்டு கனக்கும். முதுகுவலி உள்ளவர்கள் அதைத் தனியே தூக்காமல் இருப்பது நல்லது.

நிறைந்தது என்றால் 80 விழுக்காடு என்றுதான் பொருள். வெயிலில் திரவப் புரொப்பேன் நீரைவிடப் பன்மடங்கு விரிவடையும் என்பதால் மேலே வெற்றிடம் விட்டே ஆக வேண்டும். இதற்காகவே 4 முதல் 40 பவுண்டு வரையிலான சிலிண்டர்களின் வால்வுக்குள் ஒரு மிதவைத் தடுப்பு இருக்கிறது. முக்கோண வடிவிலான கைப்பிடி அதன் அடையாளம். அந்தக் கைப்பிடி இல்லாத பழைய சிலிண்டரை 2002 ஏப்ரலிலிருந்து அமெரிக்க நிரப்பு நிலையங்கள் ஏற்பதில்லை.

நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் என்னதான் செய்கிறது?

இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அழுத்தத்தைக் குறைப்பது. 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் சிலிண்டருக்குள் சுமார் 110 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும். அடுப்பிற்கும் ஃப்ரிட்ஜிற்கும் தேவைப்படுவதோ 11 அங்குல நீர்மட்ட அழுத்தம், அதாவது அரை பிஎஸ்ஐக்கும் குறைவு. இரண்டு படிகளில் இந்த இறக்கம் நடக்கிறது.

இரண்டாவது, தானாக மாறுவது. ரெகுலேட்டரின் மேலே உள்ள கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தச் சிலிண்டரிலிருந்துதான் எரிவாயு முதலில் எடுக்கப்படும். இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நிலையில் அந்தப் பக்கத்து அழுத்தம் விழுந்துவிட்டால், மறுபக்கத்திலிருந்து எரிவாயு தானாக வரத் தொடங்கும். கைப்பிடி அசையாது, அதன் அருகிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரம் மட்டும் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும். சிவப்பு என்றால் எரிவாயு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கைப்பிடி காட்டும் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு வால்வுகளையும் மூடிய பிறகும் சாளரம் சிறிது நேரம் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட அழுத்தம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஓர் அடுப்பைப் பற்றவைத்து அந்த மிச்சத்தை எரித்த பிறகுதான் சாளரம் உண்மையைக் காட்டும்.

அப்படியானால் இரண்டு வால்வுகளையும் திறந்தே வைக்கலாமா, ஒன்றை மூடி வைக்க வேண்டுமா?

அதிகம் கேட்கப்படுவதும், கேட்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிடுவதும் இந்தக் கேள்விக்குத்தான். இரண்டையும் திறந்து வைத்தால் நள்ளிரவில் எழ வேண்டியதில்லை. ஆனால் முதல் சிலிண்டர் தீர்ந்தது உங்களுக்குத் தெரியாமலே போய்விடலாம். டிரெய்லருக்குள் எந்த மாற்றமும் தெரியாது. அடுப்பு அதே நீலத்தில் எரியும், ஃப்ரிட்ஜ் குளிரும். வெளியே சென்று, சிலிண்டர்களின் மேல் உறை இருந்தால் அதையும் தூக்கி, சாளரத்தைப் பார்த்தால் ஒழிய நீங்கள் காவல் சிலிண்டரில்தான் வாழ்கிறீர்கள் என்று அறிய வழியில்லை.

எனக்கு நேர்ந்தது இதுதான். ஓர் அக்டோபர் மாதம் மலைமேல் தங்கியிருந்தபோது இரண்டையும் திறந்து வைத்துவிட்டு நான்கு நாட்கள் சாளரத்தைப் பார்க்கவே இல்லை. ஐந்தாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஹீட்டரின் விசிறி சுழல ஆரம்பித்தது, பற்றவைக்கும் பொறி டிக் டிக்கென்று அடித்தது, ஆனால் அதற்குப் பின் வழக்கமாக வரும் அந்த மெல்லிய உறுமல் வரவில்லை. வெறும் குளிர்காற்றே வீசியது. மூன்று முறை முயன்றுவிட்டு ஹீட்டர் அடங்கிவிட்டது. குழந்தைகளை எல்லாப் போர்வைகளாலும் மூடிவிட்டு விடியும்வரை விழித்திருந்தோம். இரண்டு சிலிண்டர்களும் காலியாக இருந்தன.

அன்றிலிருந்து கோடைக்காலத்தில் ஒரு வால்வை மட்டும் திறக்கிறேன். தீர்ந்ததும் அடுப்பு அணைந்துவிடும், நானே சென்று மற்றதைத் திறப்பேன், அன்றே நிரப்பப் போவேன். உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளில் இரண்டையும் திறந்து வைக்கிறேன், ஆனால் மாலையிலும் காலையிலும் சாளரத்தைப் பார்ப்பதைத் தவறவிடுவதில்லை. தினமும் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வராது என்றால் ஒன்றை மூடி வைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சாளரம் சிவப்பாகிவிட்டது. வரிசையாக என்ன செய்ய வேண்டும்? அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே காலிச் சிலிண்டரைக் கழற்றலாமா?

முதலில் கைப்பிடியை நிறைந்த சிலிண்டரின் பக்கம் முழுவதுமாகத் திருப்புங்கள். சாளரம் பச்சையாக வேண்டும். பச்சையாகவில்லை என்றால் அந்தப் பக்கத்து வால்வு மூடியிருக்கிறது அல்லது அதுவும் காலி. பச்சையான பிறகு காலிச் சிலிண்டரின் வால்வை மூடி, குழாயை அதனுடன் இணைக்கும் பெரிய பிளாஸ்டிக் மரையைக் கையால் இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றலாம். ரெகுலேட்டருக்குள் ஒருவழித் தடுப்பு இருப்பதால் உள்ளே அடுப்போ ஃப்ரிட்ஜோ தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். கழற்றும் கணத்தில் குழாயில் மிச்சமிருந்தது "புஸ்" என்று ஒருமுறை வெளியேறுவது இயல்பு; சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் உடனே திரும்ப இறுக்கிவிட்டு மற்றச் சிலிண்டரையும் மூடுங்கள், ஏனென்றால் அந்தத் தடுப்பு பழுதாகியிருக்கிறது.

தடுப்பு நன்றாகவே இருந்தாலும் அதை நாள்கணக்கில் நம்பக்கூடாது. நிரப்பிவர ஓரிரு மணி நேரம் ஆகலாம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் திறந்திருக்கும் குழாய் முனைக்கு அடைப்பான் போடுங்கள்.

உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேஜ் (அளவுகாட்டி) வாங்கி மாட்டலாமா?

வால்வில் மாட்டும் மலிவான கேஜ்கள் அழுத்தத்தைக் காட்டுகின்றன. கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியாகும்வரை அழுத்தம் வெப்பநிலையைத்தான் பொறுத்திருக்குமே தவிர மிச்சத்தைப் பொறுத்திருக்காது. குளிர்ந்த காலையில் நிறைந்த சிலிண்டரைப் பாதி என்று காட்டும் கேஜ், நண்பகலில் பாதிச் சிலிண்டரை நிறைந்தது என்று காட்டிவிடும். பணத்தை அதில் போட வேண்டாம்.

நம்பத்தக்க வழி எடை போடுவதுதான். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் டி.டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துகளுக்கு அருகே வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். அது 17.8 என்று இருந்து, தராசு 24.3 பவுண்டு காட்டினால், உள்ளே 6.5 பவுண்டு இருக்கிறது. வீட்டில் நாம் ஏறி நிற்கும் தராசே போதும்.

முகாமில் தராசு இல்லாதபோது, சிலிண்டரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு குவளை வெந்நீரை ஊற்றிவிட்டு உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேற்பகுதி வெதுவெதுப்பாக இருக்கும். ஓரிடத்தில் சட்டென்று சில்லிடும். அந்த இடம்தான் திரவத்தின் மட்டம்.

ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்?

ஹீட்டரைப் பொறுத்தது. ஒரு பவுண்டு புரொப்பேனில் சுமார் 21,500 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. மணிக்கு 30,000 பிடியூ எரிக்கும் ஹீட்டர், இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 1.4 பவுண்டைத் தின்றுவிடும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடியது என்றாலே 7 பவுண்டு போய்விட்டது. 20 பவுண்டுச் சிலிண்டர் மூன்றாம் இரவைத் தாண்டாது. கோடையில் ஃப்ரிட்ஜும் சமையலும் கொஞ்சம் வெந்நீரும் மட்டும் என்றால் அதே சிலிண்டர் ஒரு வாரத்திற்கு மேல் தாராளமாக வரும்.

நிரப்பிக் கொண்டுவந்து மாட்டினேன், வால்வையும் முழுவதுமாகத் திறந்தேன். ஆனால் அடுப்பு நூல் போல எரிகிறது. ரெகுலேட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிளாஸ்டிக் மரைக்குள் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது: குழாய் அறுந்துபோனால் எரிவாயு பீறிட்டு வெளியேறாதபடி அது ஓட்டத்தை மிகச் சிறிதாக நெரித்துவிடும். வால்வை வேகமாகத் திறக்கும்போது காலிக் குழாய்க்குள் எரிவாயு பாய்வதை அது அறுந்த குழாய் என்றே எடுத்துக்கொள்கிறது. உள்ளே அடுப்பின் குமிழ் திறந்திருந்தாலும் இதுவே நடக்கும். எல்லாக் கருவிகளையும் அணைத்து, வால்வை மூடி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, கால் சுற்று மட்டும் மெதுவாகத் திறந்து, சில விநாடிகள் நின்று, பிறகு மீதியைத் திறங்கள். பிறகு முதலில் அடுப்பைப் பற்றவைத்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, ஹீட்டரையும் ஃப்ரிட்ஜையும் இயக்குங்கள்.

குழாயை மாற்றும்போது மரையின் நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். கறுப்பு மரை மணிக்குச் சுமார் ஒரு லட்சம் பிடியூ வரையும், பச்சை மரை சுமார் இரண்டு லட்சம் வரையும் விடும். பச்சை இருந்த இடத்தில் கறுப்பைப் போட்டுவிட்டு, ஹீட்டரும் வெந்நீர்க் கொதிகலனும் ஒன்றாக ஓடும்போது சுடர் சோர்கிறது என்று ரெகுலேட்டரை மாற்றியவர்களை நான் அறிவேன்.

கடும் குளிரில் இரவு சாளரம் சிவப்பாக இருந்தது, மறுநாள் நண்பகலில் தானாகவே பச்சையாகிவிட்டது. காலியான சிலிண்டர் எப்படி நிரம்பும்?

நிரம்பவில்லை, முதலில் அது காலியாகவே இல்லை. புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். வெளி வெப்பம் அதை நெருங்க நெருங்க உள்ளே அழுத்தம் குறையும். 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுமார் 24 பிஎஸ்ஐதான் இருக்கும். அதோடு, ஆவியாவதற்கான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிடமிருந்தும் எடுத்துக்கொள்வதால், ஹீட்டர் ஓடும்போது சிலிண்டர் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. மட்டம் குறைந்த சிலிண்டரில் திரவத்தைத் தொட்டிருக்கும் இரும்பின் பரப்பும் குறைவு. அழுத்தம் போதாமல் ரெகுலேட்டர் காவல் சிலிண்டரின் உதவியை எடுத்துக்கொள்கிறது, சாளரம் சிவக்கிறது. வெயில் ஏறியதும் அழுத்தம் மீள்கிறது.

இப்படி நடந்தால் இரண்டிலிருந்தும் எரிவாயு குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்; இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள். சிலிண்டரின் வெளியே திரவ மட்டம் வரை வெண்பனி படிவது இதே காரணத்தால்தான், அது பழுதல்ல. எந்த நிலையிலும் சிலிண்டரைத் தீயாலோ சூடேற்றும் விளக்காலோ வெதுப்பாக்க முயல வேண்டாம்.

கேஸ் வாசனை வருகிறது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. எப்படிச் சோதிப்பது?

டிரெய்லருக்குள் வாசனை வந்தால் சோதனை அப்புறம். எல்லோரும் வெளியேறி, கதவைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் இரண்டு வால்வுகளையும் மூடுங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தரையில் தேங்கும், எளிதில் கலையாது. எரிவாயுக் கசிவை எச்சரிக்கும் அலாரம் தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருப்பது அதனால்தான். அந்த அலாரத்திற்கும் ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்டுள்ள தேதி கடந்திருந்தால் விளக்கு எரிந்தாலும் அதை நம்பாதீர்கள்.

வெளியே சிலிண்டரின் அருகில் என்றால், பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, ஒரு தூரிகையால் மரை, குழாய், ரெகுலேட்டரின் இணைப்புகள் அனைத்திலும் தடவுங்கள். தூரிகை எழுப்பிய நுரை சில விநாடிகளில் அடங்கிவிடும். கசிவு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு குமிழ் கடுகளவில் தொடங்கி, கண்முன்னே பெருத்து, உடைந்து, அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். அம்மோனியாவோ குளோரினோ கலந்த சோப்பு பித்தளையை அரிக்கும் என்பதால் அதைத் தவிருங்கள். தீக்குச்சியை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். கையால் இறுக்கியும் நிற்காத கசிவைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே சரி.

சிலிண்டர் தீரும் தறுவாயில் வாசனை தூக்கலாக வருவதும், சில வேளைகளில் அலாரம் அடிப்பதும் உண்டு. வாசனைக்காகக் கலந்த பொருள் அடியில் செறிந்து நிற்பதே காரணம். அப்படித்தான் இருக்கும் என்று அனுமானித்துவிடாமல், சோப்பு நீரால் சோதித்த பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள்.

காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்வதா, என்னுடையதையே நிரப்புவதா?

30 பவுண்டுச் சிலிண்டர் என்றால் நிரப்புவதுதான் வழி. கடை வாசல்களில் கூண்டுக்குள் அடுக்கியிருக்கும் மாற்றுச் சிலிண்டர்கள் 20 பவுண்டு அளவுடையவை. அவற்றிலும் பெரும்பாலும் 15 பவுண்டு மட்டுமே நிரப்பியிருப்பார்கள். அது சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எனவே நிரப்பு நிலையம் கிடைக்கும் இடத்தில் நான் மாற்றிக்கொள்வதில்லை. நிரப்புபவர் வால்வின் பக்கவாட்டிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி வைப்பார். 80 விழுக்காட்டைத் தொட்டதும் அதிலிருந்து வெண்புகை போலத் திரவம் தெறிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நிரப்புபவரிடம் நிம்மதியாகக் கொடுக்கலாம். புத்தம்புதுச் சிலிண்டர் என்றால் உள்ளே காற்று இருக்கும். அதை வெளியேற்றிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

மாற்றுச் சிலிண்டர் கைகொடுப்பது சொந்தச் சிலிண்டரின் தேதி முடிந்துபோனபோதுதான். கழுத்துப் பட்டையில் செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பத்து ஆண்டு நெருங்கினால் மறுபரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வெளிப்புறப் பார்வைச் சோதனையில் தேறினால் அமெரிக்காவில் மேலும் 5 ஆண்டுக்கு அனுமதி கிடைக்கும். தேதி தாண்டியதை நிரப்ப மாட்டார்கள். விடுமுறை நாள் மாலையில் அதை அறிந்துகொள்வது வேதனையானது.

ஒரு சிலிண்டரைக் கழற்றிவிட்டு, மற்றொன்றுடன் மட்டும் டிரெய்லரை இழுத்துச் செல்லலாமா?

இரண்டையும் ஒரே குறுக்குச் சட்டம்தான் மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. ஒன்று இல்லாதபோது சட்டம் ஒருபக்கமாகச் சாயும், எஞ்சிய சிலிண்டர் ஆடத் தொடங்கும். காலியானாலும் இரண்டையும் மாட்டி, சிறகு மரையை இறுக்கி, சிலிண்டரைக் கையால் உலுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிரப்புவதற்குக் காரில் கொண்டுபோகும்போது நிமிர்ந்த நிலையிலேயே வைத்துக் கட்டி, சன்னலைத் திறந்து வைத்து, நேராகப் போய் நேராகத் திரும்புங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள்.

பயணத்தின்போது ஃப்ரிட்ஜை கேஸில் ஓடவிடலாமா? சுரங்கப் பாதைகளில் என்ன விதி?

பலர் ஓடவிடுகிறார்கள், நான் வால்வுகளை மூடிவிட்டுத்தான் கிளம்புகிறேன். விபத்தில் குழாய் அறுந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு அமைப்பு ஓட்டத்தை நெரிக்கும் என்றாலும், மூடிய வால்வுக்கு அது ஈடாகாது. நன்றாகக் குளிர்ந்த ஃப்ரிட்ஜ், கதவைத் திறக்காமல் இருந்தால், சில மணி நேரம் தாங்கும். பெட்ரோல் நிலையத்திற்குள் நுழையும் முன் எல்லாச் சுடர்களும் அணைந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

சுரங்கப் பாதைகளின் விதி இடத்துக்கு இடம் மாறும். வர்ஜீனியாவின் செசபீக் விரிகுடாப் பாலச் சுரங்கத்தில், வால்வுகளை மூடிவிட்டால் வழக்கமான டிரெய்லர் சிலிண்டர்களுடன் போகலாம். மேரிலாந்து மாநிலத்து பால்டிமோர் நகரின் துறைமுகச் சுரங்கத்திலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருடன் நுழையவே கூடாது. நம் சிலிண்டர்கள் எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை. முன்பு அதற்கு மாற்றாக இருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி இடிந்துவிட்டதால், இப்போது 695 வட்டச் சாலையின் மேற்குப் பக்கமாக நகரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழிகாட்டிச் செயலிகள் சிலிண்டரைப் பற்றி அறியாமல் சுரங்கத்தின் வாயிலுக்கே அழைத்துச் சென்றுவிடும் என்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் பாதையை முதல் நாளே கையால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.